மாடிப்படியில் நின்ற சிறுமி

உறவினர் இல்லத்தில் திருமணம். அழைப்பிதழ் வந்திருக்கிறது, ஆனால் அண்ணன் அதை நேரில் கொண்டுவரவில்லை, மகனின் கையில் கொடுத்தனுப்பிவிட்டார். அவ்வளவுதான் நடந்தது. "நம்மை மதித்தா அழைத்திருக்கிறார்கள்?" என்ற கேள்வி ஒன்று வீட்டுக்குள் நுழைந்து, கூடத்தில் அமர்ந்துகொள்கிறது. திருமண நாளன்று தம்பி வீட்டில் யாருக்கோ காய்ச்சல் வந்துவிடுகிறது. அதன்பின் ஐந்தாண்டு, பத்தாண்டு பேச்சு இல்லை. இரு குடும்பங்களும் ஞாயிறு தோறும் ஒரே பீடத்தின் முன் நிற்கின்றன; ஒரே அப்பத்தில் பங்குபெறுகின்றன; ஒருவருக்கொருவர் சமாதானம் தெரிவிக்கும் நேரத்தில் வேறு வேறு திசைகளை நோக்கிக் கைகுவிக்கின்றன.

இவர்களில் யாரும் தீயவர் அல்லர். மாலை செபம் தவறாதவர்கள். ஏழைக்குக் கையில் உள்ளதைக் கொடுப்பவர்கள். தவக்காலத்தில் ஒறுத்தல் செய்பவர்கள். ஒப்புரவு அருட்சாதனத்திற்குச் செல்லும்போது தன்னலத்தைப் பற்றிச் சொல்வதற்குத் தம்மிடம் ஒன்றும் இல்லை என்றே அவர்கள் நினைப்பார்கள். தன்னலம் என்றதும் நம் கண்முன் வருபவன், பணத்தைப் பெட்டியில் பூட்டிவைத்துத் தாய்தந்தைக்குச் சோறு போடாதவன் அன்றோ? அவன் எங்கோ இருக்கிறான், அவன் நாமல்லன் என்ற நிம்மதி நமக்கு இருக்கிறது.

ஆயினும் நம் குடும்பங்களை உண்மையில் பிளப்பவன் அந்தப் பெட்டிக்காரன் அல்லன். புண்பட்ட மனமே பிளக்கிறது. நம்மை முதலில் விசாரிக்கவில்லை, நம் பெயரைச் சொல்லவில்லை, நாம் செய்ததை யாரும் எடுத்துப் பேசவில்லை என்று உள்ளுக்குள் ஓயாமல் கணக்கெழுதும் ஒரு கை நம் எல்லாரிடமும் உண்டு. தருமம் செய்கையிலும் அது எழுதிக்கொண்டுதான் இருக்கிறது. கோவிலுக்குக் குழல்விளக்கு வாங்கிக் கொடுத்தவர், அதன்மேல் 'உபயம்' என்று தம் பெயரைப் பெரிய எழுத்தில் எழுதிவைக்க, விளக்கின் வெளிச்சத்தில் பாதி அந்த எழுத்துக்குப் பின்னால் நின்றுபோகும் காட்சியைக் காணாத ஊர் தமிழகத்தில் உண்டா?

லூக்கா நற்செய்தியின் 15ஆம் அதிகாரத்தில் ஆண்டவர் கூறிய உவமையை 'ஊதாரி மைந்தன்' உவமை என்று அழைத்துப் பழகிவிட்டோம். அதனால் அக்கதை முடியும் இடத்தில் நிற்கும் மூத்தவனை நாம் சரியாகப் பார்ப்பதில்லை. அவன் எதையும் அழிக்கவில்லை. ஒருநாளும் வேலைக்கு மட்டம் போடவில்லை. வயலிலிருந்து திரும்பியவன் வீட்டில் ஆடல்பாடல் ஒலி கேட்டு வாசலிலேயே நின்றுவிடுகிறான். தகப்பன் வெளியே வந்து வருந்தி அழைக்கிறார். அப்போது அவன் எடுத்துவைக்கும் கணக்கைக் கவனியுங்கள்: இத்தனை ஆண்டு உழைத்தேன், எனக்கோ ஓர் ஆட்டுக்குட்டிகூடக் கிடைக்கவில்லை. தம்பியை அவன் 'தம்பி' என்று சொல்வதில்லை. 'உம்முடைய மகன்' என்கிறான். பன்றிகள் நடுவே சென்றுவந்த இளையவன் உள்ளே விருந்தில் இருக்கிறான். வீட்டைவிட்டு என்றுமே செல்லாத மூத்தவன் வெளியே நிற்கிறான். அவன் உள்ளே போனானா என்று நற்செய்தி சொல்லவில்லை. அதைச் சொல்லாமல் விட்டது நம்மை நினைத்துத்தான் போலும்.

தலையான பாவங்கள் ஏழு என்றும், ஆங்காரத்துக்கு எதிரான புண்ணியம் தாழ்ச்சி என்றும் சிறுவயதிலேயே ஞானோபதேச வகுப்பில் மனப்பாடம் செய்தோம். மருந்தின் பெயர் நமக்குத் தெரியும். உட்கொள்ளும் முறையில்தான் குழப்பம். 'இனி நான் தாழ்ச்சியாக இருப்பேன்' என்று உறுதி செய்கிறவன் அன்றிலிருந்து நாள்தோறும் தன் தாழ்ச்சியை அளந்து பார்க்கத் தொடங்குகிறான். நேற்று ஒருவர் என்னை இகழ்ந்தார், நான் பொறுத்துக்கொண்டேன். எவ்வளவு பொறுமை எனக்கு! இப்படியாக, வெளியேற்ற வேண்டிய 'நான்' புதிய உடை உடுத்திக்கொண்டு மறுபடியும் நடுக்கூடத்தில் அமர்கிறது. தன்னையே பார்த்துக்கொண்டு தன்னை வெல்ல முடியுமா? இயலாது என்பதைத் தன் வாழ்வால் காட்டிய ஒரு பெண்ணைப் பற்றியே இத்திங்கள் எழுத விரும்புகிறோம். அவர் நமக்குப் புதியவர் அல்லர். அவர் படம் நம்மில் பலர் வீட்டுச் சுவரில் தொங்குகிறது.

குழந்தை இயேசுவின் புனித தெரேசாள். 'சிறுமலர்' என்று நாம் செல்லமாக அழைக்கும் புனிதை. சிலுவையையும் ரோஜா மலர்களையும் மார்போடு அணைத்து, மேகம்போன்ற மென்மையோடு நிற்கும் அந்தப் படம் அவருக்கு ஓரளவு அநியாயம் செய்திருக்கிறது என்று சொன்னால் வாசகர்கள் மனம் வருந்தமாட்டார்கள் என நம்புகிறோம். அழகான பொம்மையொன்றை நாம் வணங்கிவிட்டுப் போய்விடுகிறோம். தொட்டதற்கெல்லாம் அழுத, தன்னைச் சுற்றியே வீடு சுழல வேண்டும் என்று எதிர்பார்த்த ஒரு பெண்குழந்தை அப்படத்துக்குப் பின்னால் மறைந்துவிடுகிறாள்.

பிரான்சு நாட்டில் அலான்சோன் என்னும் ஊரில் 1873ஆம் ஆண்டு சனவரி 2ஆம் நாள் தெரேசாள் பிறந்தாள். தந்தை லூயி மார்ட்டின் கடிகாரத் தொழில் செய்தவர். தாய் செலி பின்னல்சரிகை நெய்விக்கும் தொழிலை நடத்தியவர். அவ்விருவரையும் 2015ஆம் ஆண்டு திருச்சபை புனிதர் நிலைக்கு உயர்த்தியது நாம் அறிந்ததே. ஒன்பது பிள்ளைகளில் பிழைத்தவர் ஐந்து பெண்கள், தெரேசாள் கடைசி. அவளுக்கு நான்கரை வயது இருக்கும்போது, 1877 ஆகஸ்டு மாதம், தாய் மார்பகப் புற்றுநோயால் இறந்தாள். குடும்பம் லிசியே நகருக்குக் குடிபெயர்ந்தது. இரண்டாம் தாயாக அவள் தெரிந்துகொண்ட அக்காள் பவுலின் 1882இல் கார்மேல் மடத்துக்குப் போய்விட்டாள். அதன்பின் தாயாக இருந்த மூத்தவள் மரியாளும் 1886இல் அதே மடத்தில் சேர்ந்தாள். பற்றிக்கொண்ட கைகள் ஒவ்வொன்றாக விலகிக்கொண்டே இருந்தன. ஆகவே அந்தக் குழந்தையின் அழுகைக்கு நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் நியாயமான காயத்திலிருந்துதான் பெரும்பாலும் தன்மையமான வாழ்வு வளர்கிறது என்பதையும் மறந்துவிடலாகாது.

பிற்காலத்தில் மடத்தலைவியின் சொற்படி தன் வரலாற்றை எழுதியபோது தெரேசாள் எதையும் மறைக்கவில்லை. வீட்டுவேலை எதுவும் அவளுக்குப் பழக்கமில்லையாம். எப்போதாவது இறைவனுக்காக என்று எண்ணிப் படுக்கையைச் சரிசெய்வாளாம். அக்காள் செலின் இல்லாத மாலைகளில் அவளுடைய பூந்தொட்டிகளை உள்ளே எடுத்து வைப்பாளாம். இறைவனுக்காகச் செய்தது அல்லவா? அத்தோடு நின்றிருக்க வேண்டும். ஆனால் திரும்பிவந்த செலின் வியந்து மகிழ்ந்து பாராட்டாவிட்டால் உடனே கண்ணீர்! யாரையாவது தவறி வருத்திவிட்டால் ஓர் அழுகை. அது ஓய்ந்து தேறும்போது, 'இப்படி அழுதுவிட்டேனே' என்று மறுபடி ஓர் அழுகை. இதைப் படிக்கையில் நமக்குச் சிரிப்பு வருகிறது; சிறிது நேரம் கழித்து அந்தக் குழல்விளக்கு நினைவுக்கு வருகிறது.

அவள் முயலாமல் இல்லை. அழக்கூடாது என்று எத்தனையோ முறை உறுதி செய்தாள். யார் எடுத்துச் சொல்லியும் பயனில்லை.

1886ஆம் ஆண்டு கிறிஸ்து பிறப்பு விழா. நள்ளிரவுத் திருப்பலியில் நற்கருணை பெற்றுத் தந்தையோடும் செலினோடும் வீடு திரும்புகிறாள். பதினான்கு வயது நிறைவதற்கு ஒரு வாரமே இருந்தது. கணப்பு அடுப்பின் அருகில் காலணிகளை வைத்து, அவற்றில் குழந்தைகளுக்குப் பரிசுப்பொருள்களை நிரப்புவது அந்நாட்டு வழக்கம். அவள் வயதுப் பெண்கள் அவ்வழக்கத்தை விட்டிருப்பார்கள். கடைக்குட்டி என்பதால் இவளுக்கு மட்டும் அது நீடித்தது. களைப்பாக இருந்த தந்தை அந்தக் காலணிகளைப் பார்த்ததும் சலிப்புற்று, இது கடைசி ஆண்டாக இருப்பது நல்லதாயிற்று என்னும் பொருள்படச் சொல்லிவிட்டார். தொப்பியைக் கழற்றிவைக்க மாடிப்படி ஏறிக்கொண்டிருந்த தெரேசாளின் காதில் அது விழுந்தது.

அவள் கண்களில் நீர் திரண்டதைச் செலின் கண்டாள். தங்கையை நன்கு அறிந்தவள் அல்லவா? இப்போது கீழே போகாதே, போனால் அழுதுவிடுவாய் என்று தடுத்தாள். நாம் எல்லாரும் ஒருநாள் நிற்கும் இடம் அந்த மாடிப்படி. கீழே நம்மைப் புண்படுத்தியவர் இருக்கிறார். நம்மிடம் அன்பில்லாமல் அன்று, களைப்பினால் புண்படுத்தியவர். மேலே நம் அறை இருக்கிறது. கதவைத் தாழிட்டுக்கொண்டு அழலாம். யாராவது வந்து தேற்றும்வரை காத்திருக்கலாம். சில வீடுகளில் அந்தக் கதவு முப்பது ஆண்டுகளாகத் திறக்கவில்லை.

தெரேசாள் கண்ணீரை விழுங்கிக்கொண்டு விரைந்து கீழே இறங்கினாள். நெஞ்சு படபடத்தது. காலணிகளை எடுத்துத் தந்தையின் முன்வைத்து, ஒவ்வொரு பொருளாக மகிழ்ச்சியோடு வெளியே எடுத்தாள். தந்தையின் முகம் மலர்ந்தது, அவரும் சிரித்தார். செலின் தான் காண்பது கனவோ என்று நினைத்தாளாம்.

இவ்வளவுதான் நிகழ்ந்தது. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு ஒன்றுமே நிகழவில்லை. ஆனால் தன் வாழ்வின் திருப்பம் அதுவே என்று தெரேசாள் எழுதுகிறாள். பத்தாண்டுகளாகத் தன்னால் இயலாததை இயேசு ஒரு நொடியில் செய்தார் என்றும், இரவெல்லாம் வலைவீசி ஒன்றும் பிடிக்காத திருத்தூதர்களுக்கு நேர்ந்ததே தனக்கும் நேர்ந்தது என்றும் அவள் கூறுகிறாள். அன்புசெய்ய வேண்டும், அதற்காகத் தன்னை மறக்க வேண்டும் என்னும் ஏக்கம் அன்று தன் உள்ளத்தில் குடிபுகுந்ததாகவும், அன்றுமுதல் தான் மகிழ்ச்சியாக இருந்ததாகவும் சொல்கிறாள்.

இங்கே இரண்டைக் கவனிக்கிறோம். முதலாவது, அவள் தன் அழுகையோடு போராடவில்லை. தந்தையைப் பார்த்தாள். அவர் களைத்திருக்கிறார், அவருடைய இரவு கெட்டுவிடக்கூடாது என்பது அவள் கண்ணில் பட்டது. தன்மேல் கவிந்திருந்த பார்வை ஒரு கணம் மற்றவர்மேல் திரும்பியது, போராட்டம் முடிந்தது. தன்னை இழிவாக எண்ணுவது தாழ்ச்சி என்று நாம் தவறாகப் புரிந்துகொள்கிறோம். 'நான் ஒன்றுக்கும் உதவாதவன்' என்று ஓயாமல் புலம்புகிறவனும் தன்னைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருக்கிறான். கார்மேல் சபையைச் சீர்திருத்திய அவிலா நகர்ப் புனித தெரேசாளோ தாழ்ச்சி என்பது உண்மையில் நடப்பதே என்று கற்பித்தார். நாம் இருப்பதைவிடக் கூட்டியும் குறைத்தும் சொல்லாமல், அவ்வளவில் விட்டுவிட்டு அடுத்தவர் முகத்தைப் பார்ப்பது.

இரண்டாவது, அவள் திருவிருந்திலிருந்து வந்திருந்தாள். இதை நாம் எளிதாகக் கடந்துபோகலாகாது. தாயை இழந்த குழந்தை ஏன் எல்லாவற்றையும் இறுகப் பற்றிக்கொள்கிறது? தன்னைப் பார்த்துக்கொள்ள யாரும் இல்லை என்ற அச்சத்தால். அந்த அச்சம் உள்ளவனிடம் 'தன்னை மறந்துவிடு' என்று சொல்வது, ஆற்றில் தத்தளிப்பவனிடம் கட்டையை விட்டுவிடு என்று சொல்வதைப் போன்றது. கையிலுள்ள கணக்கேட்டை நாம் கீழே வைக்க வேண்டுமானால், நம்மை மறவாத ஒருவர் இருக்கிறார் என்று நம் நெஞ்சு நம்ப வேண்டும். கிறிஸ்தவ விசுவாசம் தன்னல நோயை ஆற்றுவது இப்படித்தான். விண்ணகத் தந்தையின் கண் நம்மேல் இருக்கிறது என்று நம்புகிறவனுக்கு, ஊரார் கண் தன்மேல் இருக்கிறதா என்று திரும்பித் திரும்பிப் பார்க்கும் அவசியம் குறைகிறது. முயற்சி வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. படியிறங்கியவை அவளுடைய கால்கள்தாம். ஆனால் இறங்கும் வலிமை அவளுடையதன்று.

அந்த மாற்றம் எவ்வளவு தூரம் சென்றது தெரியுமா? ஏழெட்டு மாதங்களுக்குப் பின், 1887இல், பாரிஸ் நகரில் இரண்டு பெண்களையும் ஒரு சிறுமியையும் கொன்ற குற்றத்துக்காகப் பிரான்சினி என்பவனுக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. நாடே அவனை வெறுத்தது. அவன் மனம் திரும்பும் அறிகுறி எதுவும் இல்லை. காலணிப் பரிசுக்காகக் கண்ணீர் விட்ட சிறுமி, முன்பின் கண்டிராத அக்கொலைகாரனுக்காக மன்றாடத் தொடங்கினாள். செலினைத் துணை சேர்த்துக்கொண்டு அவனுக்காகத் திருப்பலியும் ஒப்புக்கொடுக்கச் செய்தாள். ஆகஸ்டு 31ஆம் நாள் அவன் தலை வெட்டப்பட்டது. கடைசிக் கணத்தில் அவன் குருவின் கையிலிருந்த பாடுபட்ட சுரூபத்தை மும்முறை முத்தமிட்டான் என்று செய்தித்தாளில் படித்துக் கண்கலங்கினாள். அவனைத் தன் முதல் பிள்ளை என்று அழைத்தாள். அழுகை நின்றுவிடவில்லை, பாருங்கள். யாருக்காக என்பதுதான் மாறிவிட்டது.

தாழ்ச்சியைப் பற்றி நம் குடும்பங்களில் நிலவும் ஒரு வழக்கத்தைப் பற்றியும் இங்கே பேசவேண்டியிருக்கிறது. தாழ்ச்சி பெரும்பாலும் மேலிருந்து கீழே போதிக்கப்படும் பாடமாகிவிட்டது. மாமியார் மருமகளுக்கும், முதலாளி வேலையாளுக்கும், அண்ணன் தம்பிக்கும் அதைக் கற்பிக்கிறார்கள். வாய் திறந்தால் ஆங்காரம், மௌனமாக இருந்தால் தாழ்ச்சி! ஊரார் தாழ்த்தி வைத்திருக்கும் மக்களிடம் சென்று தாழ்ச்சியின் மேன்மையை எடுத்துரைப்பது, சுமந்து நிற்பவன் தோளில் இன்னொரு கட்டையை ஏற்றுவதாகும். கடைசி இராவுணவில் பாதம் கழுவத் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டவர் யார்? பந்தியில் தலைமை வகித்தவர். சீடர்களைப் பார்த்து 'ஒருவர் எழுந்து என் பாதத்தைக் கழுவுங்கள்' என்று அவர் தாழ்ச்சியைக் கற்பிக்கவில்லை. நம் தாழ்ச்சியை நாம் பயிலலாம். பிறருடைய தாழ்ச்சிக்கு நாம் வாத்தியார் அல்லோம்.

தெரேசாளும் வாய்மூடி இருந்தவள் அல்லள். பதினைந்து வயதில் கார்மேலில் சேர விரும்பினாள். வயது போதாது என்றார்கள். 1887 அக்டோபர் 31ஆம் நாள் மறைமாவட்ட ஆயரைக் காணத் தந்தையோடு சென்றாள். வயது கூடுதலாகத் தோன்றட்டும் என்று முதன்முறையாகக் கூந்தலை உயர்த்தி முடிந்துகொண்டு போனாளாம்! அங்கும் முடிவு கிட்டவில்லை. நவம்பர் 20ஆம் நாள் உரோமையில் திருப்பயணிகளோடு பாப்பரசர் 13ஆம் சிங்கராயரின் முன் முழந்தாளிட்டாள். பாப்பரசரிடம் யாரும் பேசக்கூடாது என்று கண்டிப்பான உத்தரவு. அவள் பேசினாள், அனுமதி கேட்டாள். மேலிடத்தார் சொற்படி நட, இறைவன் விரும்பினால் சேர்வாய் என்று அவர் கூறியும் அவள் எழுந்திருக்கவில்லை. காவலர்கள் தூக்கிச் செல்ல வேண்டியதாயிற்று. தனக்காக அழுவதை விட்டவளுக்கு, கேட்கவேண்டியதைக் கேட்கும் துணிவு வந்திருந்தது. 1888 ஏப்ரல் 9ஆம் நாள் மடத்தின் கதவு திறந்தது.

மடம் என்றால் அங்கே தேவதூதர்கள் வாழ்கிறார்கள் என்று நினைப்பவர்கள் அவருடைய நூலைப் படிக்க வேண்டும். நான்கு சுவர்களுக்குள் வேறு வேறு இயல்புள்ள பெண்கள், ஆயுள் முழுவதும் ஒன்றாக. ஒரு சகோதரியின் பேச்சு, நடை, எல்லாமே தெரேசாளுக்கு இயல்பாகவே பிடிக்கவில்லை. அவரை ஒதுக்காமல், சந்திக்கும் போதெல்லாம் அவருக்காகச் செபித்தார். மறுத்துரைக்கத் தோன்றும் நேரத்தில் புன்னகை செய்தார். என்னிடம் அப்படி என்னதான் கண்டீர், பார்க்கும்போதெல்லாம் முகம் மலர்கிறதே என்று ஒருநாள் அவரே வியந்து கேட்டாராம். மாலைத் தியானத்தில் பின்னிருக்கையில் இருந்த சகோதரி ஒருவர் ஓயாமல் எழுப்பிய விந்தையான சிற்றொலி, இரண்டு சிப்பிகளை உரசுவதுபோல் இருந்ததாம். திரும்பி ஒரு பார்வை பார்த்தால் போதும், நின்றுவிடும். ஆனால் அவர் மனம் நோகும். வியர்வை வழிய அமர்ந்திருந்து, அவ்வொலியையே ஓர் இன்னிசையாகக் கேட்டு ஆண்டவருக்குக் காணிக்கையாக்க முயன்றார். துணி துவைக்கும் இடத்தில் எதிரே நின்றவர் கைக்குட்டைகளை அடிக்கும்போதெல்லாம் அழுக்குநீர் முகத்தில் தெறித்தது. பின்வாங்கி முகத்தைத் துடைத்துக் காட்டியிருந்தால் அவருக்குப் புரிந்திருக்கும். தெரேசாள் துடைக்கவில்லை.

இவை சிறியவை. சிரிக்கத் தோன்றும் அளவுக்குச் சிறியவை. நம் வீடுகளைப் பிரித்தவையும் இந்த அளவுள்ளவையே அல்லவா? மறைசாட்சியாக மரிக்கும் வாய்ப்பு நமக்கு வரப்போவதில்லை. குழாயடியில் தண்ணீர் தெறிக்கும் வாய்ப்பு நாளை காலையிலேயே வரும்.

கார்மேல் மடத்தின் வழக்கம் ஒன்று நம் தமிழ் மனத்துக்குப் பிடிக்கும். ஏழ்மை வார்த்தைப்பாட்டின் காரணமாக எவரும் 'என்' என்று சொல்வதில்லை. தாம் மட்டும் பயன்படுத்தும் பொருளையும் 'நம்' என்றே சொல்வர். ஓர் இரவு தம் சிறு விளக்கை மற்றொரு சகோதரி தவறுதலாக எடுத்துச் சென்றுவிட்டதால், வேலைகள் குவிந்திருக்க, தெரேசாள் ஒருமணி நேரம் இருளில் அமர்ந்திருந்தார். அதைப் பற்றி எழுதும்போதும் 'நம் விளக்கு' என்றே எழுதுகிறார். தமிழில் 'நாங்கள்' என்றால் கேட்பவர் வெளியே நிற்கிறார். 'நாம்' என்றால் அவரும் உள்ளே வருகிறார். உளப்பாட்டுத் தன்மைப் பன்மை என்று இலக்கண ஆசிரியர்கள் இதற்குப் பெயரிட்டனர். பாகப்பிரிவினை நடக்கும் வீடுகளில் முதலில் பிரிவது வயலோ தோப்போ அன்று. 'நம்ம வீடு' என்று அழைத்தவர்கள் 'எங்க வீடு', 'உங்க வீடு' என்று சொல்லத் தொடங்குகிற அன்றே பிரிவினை முடிந்துவிட்டது. பத்திரம் பிறகு வருகிறது.

கிறிஸ்து இறைவடிவில் இருந்தும் தம்மை வெறுமையாக்கி அடிமையின் வடிவெடுத்தார் என்று திருச்சபை குருத்து ஞாயிறன்று வாசிக்கும் பகுதி, பிலிப்பியர் திருமுகத்தின் 2ஆம் அதிகாரத்தில் உள்ளது. எத்தனை உயர்ந்த மறையுண்மை! ஆனால் பவுலடியார் அதை இறையியல் வகுப்புக்காக எழுதவில்லை. அதே திருமுகத்தின் 4ஆம் அதிகாரத்தில் எவோதியா, சிந்திக்கே என்ற இரு பெண்மணிகளைப் பெயர்சொல்லி, ஒத்துப்போகும்படி கெஞ்சுகிறார். இருவரும் நற்செய்திக்காக அவரோடு உழைத்தவர்கள். சண்டைக்குக் காரணம் என்ன, யார்மேல் குற்றம் என்று அவர் ஒரு சொல்லும் எழுதவில்லை. சிறையில் இருந்த ஒருவர் அந்தப் பங்கின் பிணக்கைத் தீர்க்க, இறைமகனின் மனித அவதாரத்தையே எடுத்து முன்வைக்கிறார். அவ்வளவு பெரிய மருந்து இவ்வளவு சிறிய நோய்க்கா என்று கேட்கலாம். நோய் சிறியதன்று என்பது பவுலடியாரின் எண்ணமாக இருந்திருக்க வேண்டும்.

தெரேசாளுக்கோ இன்னும் ஒரு படி இறங்க வேண்டியிருந்தது. 1896இல் பெரிய வியாழன் இரவில் காசநோயின் இரத்தம் முதன்முறை வாயில் வந்தது. அந்த உயிர்ப்புக் காலத்திலேயே விண்ணகம் என்ற நினைவில் அவர் கண்டுவந்த இன்பம் அணைந்துபோயிற்று. இறப்புக்குப் பின் ஒன்றுமில்லை என்னும் குரல் உள்ளே கேட்கத் தொடங்கியது. இறைவனை நம்பாதவர்கள் மனச்சாட்சிக்கு மாறாகப் பேசுகிறார்கள் என்றே அதுவரை அவர் நினைத்திருந்தார். இப்போது, விசுவாச ஒளி இல்லாதவர்களின் மேசையில் அவர்களோடு அமர்ந்து அவர்களுடைய கசந்த அப்பத்தை உண்ணத் தாம் சம்மதிப்பதாகவும், அவர்கள் அனைவரும் ஒளிபெறும்வரை எழுந்திருக்க விரும்பவில்லை என்றும் எழுதினார். தமக்கென வைத்திருந்த ஆறுதலையும் அவர் 'நம்' ஆக்கிவிட்டார். 1897 செப்டம்பர் 30ஆம் நாள், 24ஆம் வயதில் இறந்தார். மடத்தைவிட்டு வெளியேறாத அவரை, நம் முத்துக்குளித்துறைக் கரையெங்கும் கால்நடையாய்ச் சுற்றிய புனித சவேரியாரோடு சேர்த்து, 1927இல் மறைபரப்பு நாடுகளின் பாதுகாவலியாகத் திருச்சபை அறிவித்தது. 1997இல் மறைவல்லுநர் என்றும் அறிவித்தது.

அவர் நவதுறவியாக இருந்த நாள்களில் நடந்த ஒன்றையும் சொல்லிவிடுகிறோம். மடத்தில் நோயுற்ற மூதாட்டி ஒருவர் இருந்தார். மாலைத் தியானத்தின் இடையில் அவரை உணவறைக்கு அழைத்துச் செல்ல வேண்டும். அவரைத் திருப்திப்படுத்துவது கடினம் என்று எல்லாருக்கும் தெரியும். தெரேசாள் தாமே முன்வந்தார். ஆறு மணிக்குச் சற்றுமுன் மூதாட்டி தம் மணற்கடிகாரத்தை அசைப்பார். புறப்படலாம் என்று பொருள். இடைக்கச்சையைப் பிடித்துத் தாங்கியபடி பின்னே நடக்க வேண்டும். வேகம் சற்றுக் கூடினால் விழுந்துவிடுவேன் என்பார். மெதுவாக நடந்தால் பிடி தெரியவில்லையே, விட்டுவிட்டாயா என்பார். வயது போதாதவளிடம் விட்டார்களே என்றும் குறைப்படுவார். ஒரு குளிர்கால மாலை, அப்படி நடந்துகொண்டிருக்கையில் எங்கோ தொலைவிலிருந்து இசை கேட்டது. விளக்குகள் ஒளிரும் பெரிய கூடமும், அழகாக உடுத்திய பெண்கள் ஒருவரை ஒருவர் புகழ்ந்து உரையாடுவதும் தெரேசாளின் மனக்கண்ணில் தோன்றின. பார்வையைத் திருப்பினால், மங்கிய வெளிச்சத்தில் மடத்துச் செங்கல் சுவர். இடையிடையே மூதாட்டியின் முனகல். அந்தப் பத்து நிமிடங்களை ஆயிரம் ஆண்டு விருந்துக்கும் தாம் மாற்றிக்கொள்ள மாட்டேன் என்று எழுதுகிறார்.

உணவறையில் அவரை உட்காரவைத்து, அவர் விரும்பும் முறையிலேயே சட்டைக்கைகளை மடித்துவிட்டால் வேலை முடிந்தது, போய்விடலாம். ஆனால் வாதத்தால் முடங்கிய அந்தக் கைகள் ரொட்டியைத் துண்டாக்கிக் கிண்ணத்தில் இடத் தடுமாறுவதைத் தெரேசாள் ஒருநாள் கண்டார். அன்றுமுதல் ரொட்டியை நறுக்கிக் கொடுத்து, முகம் பார்த்துப் புன்னகை செய்துவிட்டே திரும்பினார். அப்படிச் செய்யும்படி மூதாட்டி கேட்டதே இல்லை.